தடைப்பட்டியல் தேடலுக்குக் கேஷ் எங்கே இருக்க வேண்டும்?

அப்பாச்சி வெப் சர்வரில் 'ஹோஸ்ட்நேம்லுக்அப்ஸ்' என்றொரு அமைப்பு இன்றும் இருக்கிறது. தளத்துக்கு வருகிற ஒவ்வொரு ஐபி முகவரிக்கும் டிஎன்எஸ்ஸில் (இணையப் பெயர்களையும் ஐபி முகவரிகளையும் இணைக்கும் அமைப்பு) பெயர் தேடி, அந்தப் பெயரை லாகில், அதாவது வருகைப் பதிவேட்டில், எழுதச் சொல்வது அதன் வேலை. 1.3 பதிப்புக்கு முன்பு வரை யாரும் கேட்காமலே அது இயங்கிக்கொண்டிருந்தது. 1.3-இல் அணைத்துக் கொடுத்தார்கள். லாகில் பெயர் அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, வருகிறவர் ஒவ்வொருவரையும் டிஎன்எஸ் பதில் வரும்வரை வாசலில் நிறுத்திவைப்பது கட்டுப்படியாகாது என்று அதற்குள் தெரிந்துபோயிருந்தது. பெயர் வேண்டுமா, ராத்திரி 'லாக்ரிசால்வ்' கருவியை ஓட்டி ஆற அமரத் தேடிக்கொள்ளலாம்.

ஸ்பாம் போன்ற சேட்டை செய்யும் ஐபி முகவரிகளைத் தொகுத்து வைக்கும் தடைப்பட்டியல் விஷயத்தில் அப்படித் தள்ளிப்போட வழியில்லை. இந்த ஐபி முகவரி ஸ்பாம் கும்பலுடையதா இல்லையா என்பது பின்னூட்டத்தை ஏற்கும் முன்பே தெரிய வேண்டும். ராத்திரி தெரிந்து பயனில்லை. அதனால் தேடல் கோரிக்கையின் நடுவிலேயே நடக்கிறது, கூடவே, ஒருமுறை கிடைத்த விடையை மறுபடி கேட்காதபடி நினைவில் வைக்கும் கேஷ் பற்றிய பேச்சும் வந்துவிடுகிறது. கேஷ் வேண்டும் என்பதில் யாருக்கும் சண்டையில்லை. எங்கே வைப்பது என்பதில்தான் குழப்பம். வெப் சர்வரின் மாட்யூலிலா, பிஎச்பி நிரலிலா, டேட்டாபேஸிலா, இல்லை, டிஎன்எஸ்ஸில் நமக்காகத் தேடித் தரும் ரிசால்வரிடமே விட்டுவிடுவதா?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே கேஷ் செய்ய இரண்டு வெவ்வேறு சரக்கு இருக்கிறது. ஒன்று, பட்டியல் தந்த பதில். இன்னொன்று, அந்தப் பதிலை வைத்து நாம் எடுத்த முடிவு. பதிலைப் பத்திரப்படுத்துவது ரிசால்வரின் வேலை. முடிவைச் சற்று நேரம் நினைவில் வைப்பது வெப் சர்வரின் வேலை. இந்த இரண்டையும் ஒரே டப்பாவில் போடும்போதுதான் வம்பு தொடங்குகிறது.

முதலில் தேடல் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். 1997-இல் பால் விக்ஸி தொடங்கிய ஆர்பிஎல் பட்டியல்தான் இந்த வகைக்கு முன்னோடி. ஆரம்பத்தில் அது ரௌட்டர்களுக்கு, அவை வழித்தட விவரம் பரிமாறும் பிஜிபி வழியாகப் போனது. பிறகு யார் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளும்படி டிஎன்எஸ்ஸுக்கு வந்தது. முறை மிக எளிது. 192.0.2.99 என்ற முகவரியைப் பற்றித் தெரிய வேண்டுமானால் எண்களைத் தலைகீழாக்கி, பட்டியலின் பெயரைப் பின்னால் ஒட்டி, 99.2.0.192.ஸென்.ஸ்பாம்ஹாஸ்.ஆர்க் என்று ஒரு டொமைன் பெயரைத் தேடுவதுபோலத் தேட வேண்டும். பட்டியலில் இருந்தால் 127.0.0.4 போன்ற ஒரு முகவரி பதிலாக வரும். இல்லையென்றால் 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்று வரும். டிஎன்எஸ் மொழியில் என்எக்ஸ்டொமைன். 2010-இல் வந்த ஆர்எஃப்சி 5782 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் இந்த வழக்கத்தை எழுத்தில் பதிவுசெய்தது.

பதிலாக வரும் எண்ணின் கடைசிப் பகுதிக்குப் பொருள் உண்டு, பட்டியலுக்குப் பட்டியல் மாறும். தடைப்பட்டியல்கள் நடத்தும் ஸ்பாம்ஹாஸ் அமைப்பின் ஸென் பட்டியலில் 2 என்றால் ஸ்பாம் அனுப்புகிற முகவரி, 4 முதல் 7 வரை வைரஸ் பிடித்த, கைப்பற்றப்பட்ட கணினிகள். 10, 11 என்றால் 'இது வீட்டு இணைப்பு, இங்கிருந்து நேரடியாக மெயில் வரக் கூடாது' என்ற கொள்கைப் பட்டியல். மெயில் சர்வருக்கு இந்தக் கடைசி வகை தங்கம். வெப் சர்வருக்கோ விஷம், ஏனென்றால் நம் வாசகர்கள் வருவதே வீட்டு இணைப்பிலிருந்துதான். ஏதாவது பதில் வந்தாலே தடு என்று நிரல் எழுதினால், ஸ்பாம் போடுகிறவனைவிட அதிகமாக ஒழுங்கான வாசகர்களைத் துரத்திவிடுவோம்.

வெப் சர்வருக்கென்றே உருவானது ப்ராஜெக்ட் ஹனி பாட்டின் எச்டிடிபி:பிஎல். 2004-இல் அந்தத் திட்டத்தைத் தொடங்கிய மேத்யூ பிரின்ஸும் லீ ஹாலோவேயும்தான் பிறகு கிளவுட்ஃபிளேரைத் தொடங்கியவர்களில் இருவர். அதன் பதிலில் நான்கு எண்ணுக்கும் வேலை இருக்கிறது. 127.3.40.4 என்று வந்தால், கடைசியாகச் சேட்டை செய்து 3 நாளாகிறது, அபாய மதிப்பெண் 40, வகை பின்னூட்ட ஸ்பாம். வகை 0 என்றால் அது தேடுபொறி. ஆக 'பதில் வந்தால் கெட்டவன்' என்ற கணக்கு இங்கே கூகுளையே வெளியே நிறுத்திவிடும்.

பதில் வேறு, முடிவு வேறு என்பது இதனால்தான். 127.3.40.4 என்பது பட்டியல் சொன்ன செய்தி. 'மதிப்பெண் 25-க்கு மேல், வகை 4, ஆகவே பின்னூட்டம் போட விடாதே, ஆனால் பக்கத்தைப் படிக்க விடு' என்பது என் தளத்தின் முடிவு. நாளைக்கு வரம்பை 25-லிருந்து 50-க்கு மாற்றினால் செய்தி மாறாது, முடிவு மாறும். அதனால் இரண்டின் ஆயுளும் ஒன்றாக இருக்க முடியாது.

மெயில் உலகில் இதைப் பற்றி யாரும் பெரிதாக அலட்டிக்கொண்டதில்லை. ஒரு மெயில் இணைப்பு வரும், இரண்டு மூன்று பட்டியலில் கேட்பார்கள், இரண்டு விநாடி தாமதமானாலும் யாருக்கும் தெரியாது. பக்கத்திலேயே ஒரு ரிசால்வரை வைத்துவிட்டால் போதும். வெப் அப்படியல்ல. ஒரே ஆள் ஒரு பக்கத்தைத் திறந்தால் படம், ஸ்டைல்ஷீட், ஸ்கிரிப்ட் என்று நாற்பது ஐம்பது கோரிக்கை வருவது சாதாரணம். பிரௌசர் எச்டிடிபி 1.1-இல் ஒரே தளத்துக்கு ஆறு இணைப்புவரை திறக்கும். கோரிக்கைக்கு ஒரு தேடல் என்று வைத்தால், ஒரே முகவரியைப் பற்றி ஒரு விநாடிக்குள் ஐம்பது முறை கேட்டிருப்போம். இதைப் பார்த்ததும் நிரல் எழுதுகிறவரின் கை தானாகவே 'ஒரு கேஷ் போட்டுவிடலாம்' என்று போகும். மாட்யூலுக்குள் ஒரு ஹாஷ் டேபிள், அதற்கு ஒரு காலாவதி நேரம், முடிந்தது வேலை.

அந்த ஹாஷ் டேபிள் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அப்பாச்சியை ப்ரீஃபோர்க் முறையில் ஓட்டினால் ஒவ்வொரு சைல்ட் ப்ராசஸுக்கும் தனி நினைவகம். ஆறு இணைப்பு ஆறு ப்ராசஸுக்குப் போனால் ஆறும் தனித்தனியாக 'எனக்குத் தெரியாதே' என்று வெளியே கேட்கும். ப்ராசஸ் சில ஆயிரம் இணைப்புகளைக் கவனித்துவிட்டு ஓய்வுபெறும்படி அமைத்திருந்தால், அதன் கேஷும் அதோடு போய்விடும். ஊருக்கு ஒரு குளம் வெட்டுவதற்குப் பதிலாக வீட்டுக்கு வீடு குடத்தில் தண்ணீர் பிடித்துவைக்கிற கதை.

ரிசால்வரில் இந்தச் சிக்கல் இல்லை. அதே மெஷினில் அன்பௌண்ட், பைண்ட் போன்ற ரிசால்வர் மென்பொருள் ஓடினால் எல்லா ப்ராசஸும் அதையே கேட்கும். ஆறு பேர் ஒரே கணத்தில் ஒரே கேள்வியைக் கேட்டால், அன்பௌண்ட் வெளியே ஒரு கேள்வியை மட்டும் அனுப்பி, வந்த பதிலை ஆறு பேருக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிடும். அதே மெஷினில் மெயில் சர்வரும் இருந்தால் அது கேட்டு வைத்த பதில் வெப் சர்வருக்கும் உதவும். கேஷில் இருக்கிற பதிலுக்கு ஆகும் நேரம் ஒரு மில்லிவிநாடிக்கும் கீழே. இதை நாமே திரும்பச் செய்ய வேண்டுமானால் பகிர்வு நினைவகம், பூட்டு, காலாவதியானதைத் துடைப்பது என்று ஒரு சின்ன டிஎன்எஸ் கேஷையே மறுபடி எழுத வேண்டியிருக்கும், அதுவும் அரைகுறையாக.

அரைகுறை என்று சொல்வதற்கு முக்கியக் காரணம் டிடிஎல். ஒவ்வொரு டிஎன்எஸ் பதிலோடும் இதை எத்தனை விநாடி வைத்துக்கொள்ளலாம் என்ற எண் வருகிறது. பிஎச்பியில் 'கெட்ஹோஸ்ட்பைநேம்' அழைத்தால் அந்த எண் கைக்கு வராது. பட்டியலை நடத்துகிறவர் ஒரு விநாடி சொல்லியிருந்தாலும் ஒரு நாள் சொல்லியிருந்தாலும் நிரலுக்குத் தெரியாது. அது பாட்டுக்கு ஒரு மணி நேரம் என்று ஏதோ ஒரு எண்ணைப் போட்டுக்கொள்ளும்.

இல்லை என்ற பதிலுக்கு இன்னும் நுணுக்கம் அதிகம். தடைப்பட்டியல் தேடலில் பெரும்பாலான பதில் 'இல்லை'தான். வருகிற வாசகர்களில் பெரும்பகுதி நல்லவர்கள். இல்லாத பெயருக்கு ஏது டிடிஎல்? 1998-இல் வந்த ஆர்எஃப்சி 2308 இதற்கு வழி சொன்னது: அந்த டொமைனின் அடிப்படை விவரம் இருக்கும் எஸ்ஓஏ பதிவின் டிடிஎல், அதே பதிவின் கடைசியில் இருக்கும் 'மினிமம்' எண், இவற்றில் எது சின்னதோ அதுவரை 'இல்லை' என்பதை நினைவில் வைக்கலாம். சரி, பைண்ட் அதை அதிகபட்சம் 3 மணி நேரம் வைத்திருக்கும், அன்பௌண்ட் 1 மணி நேரம். இவை மாற்றாமல் விட்டால் இருக்கிற அளவுகள். பட்டியல் நடத்துகிறவர் அதைவிடக் குறைவாகச் சொன்னால் அவர் பேச்சுதான் செல்லும். எந்தப் பட்டியலைப் பயன்படுத்தும் முன்பும் 'டிக்' கட்டளையில் அதன் எஸ்ஓஏவைக் கேட்டு அந்தக் கடைசி எண்ணைப் பார்த்துவிடுவது நல்லது. கேஷ் எவ்வளவு உதவும் என்பது பெரும்பாலும் அந்த ஓர் எண்ணில் இருக்கிறது.

அந்த எண் மிகச் சின்னதாக இருந்தால்? புதிதாகக் கெட்டுப்போன முகவரியை உடனே எல்லோருக்கும் தெரிவிக்க வேண்டும் என்பதற்காகச் சிலர் அதை விநாடிக் கணக்கில்தான் வைப்பார்கள். அப்போது அன்பௌண்டில் 'கேஷ்-மின்-டிடிஎல்' என்ற அமைப்பை 600 என்று ஏற்றிவிடலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். அது தடைப்பட்டியலுக்கு மட்டுமல்ல, அந்த ரிசால்வர் தேடுகிற எல்லாப் பெயருக்கும் பொருந்தும். பேமண்ட் கேட்வே தன் முகவரியை மாற்றினால்கூட உங்கள் சர்வர் பத்து நிமிடம் பழைய வாசலையே தட்டிக்கொண்டிருக்கும். நீண்ட நேரம் வைக்கத்தான் வேண்டும் என்றால் அதற்கான இடம் ரிசால்வர் இல்லை, மேலே இருக்கிற முடிவுக் கேஷ்தான்.

ரிசால்வர் என்று சொல்லும்போது எதைச் சொல்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். லினக்ஸில் நிரல்கள் பயன்படுத்தும் கிளிப்சி நூலகம் தன்னளவில் எதையும் கேஷ் செய்யாது. பல விநியோகங்களில் 127.0.0.53-இல் காத்திருக்கும் சிஸ்டம்டி-ரிசால்வ்டு கேஷ் செய்யும், ஆனால் கேள்வியைத் தானே போய்த் தேடாமல் வேறொருவரிடம் கைமாற்றும். டிஎன்எஸ்மாஸ்க்கும் அப்படித்தான், அதன் கேஷில் மாற்றாமல் விட்டால் 150 பெயருக்குத்தான் இடம். இந்தக் கைமாற்றல் எதற்குப் பிரச்சினை என்றால், கூகுளின் 8.8.8.8 போன்ற பொது ரிசால்வர் வழியாக வரும் கேள்விகளை ஸ்பாம்ஹாஸின் இலவசச் சேவை ஏற்காது. பொது ரிசால்வருக்குப் பின்னால் கோடிப் பேர் நிற்கிறார்கள். யார் எவ்வளவு கேட்கிறார்கள் என்று பட்டியல்காரரால் எண்ண முடியாது. எனவே தேவை, வேரிலிருந்து தானே தேடிப் போகிற ரிசால்வர். அன்பௌண்டை நிறுவிவிட்டு அதிலேயே ஃபார்வர்டாக 8.8.8.8-ஐக் கொடுத்தால் கேஷ் கிடைக்கும், அடையாளம் கிடைக்காது.

பட்டியல்காரர் 'ஏற்க மாட்டேன்' என்பதைச் சொல்லும் விதத்தில்தான் கண்ணிவெடி இருக்கிறது. ஸ்பாம்ஹாஸ் பொது ரிசால்வர் வழியாக வந்த கேள்விக்கு 127.255.255.254 என்று பதில் தருகிறது. அளவு மீறிக் கேட்டால் 127.255.255.255. இவை பிழைக் குறியீடுகள், ஆனால் உருவத்தில் சாதாரண 'ஆம்' போலவே இருக்கும். எண்ணைப் பார்க்காத நிரலுக்கு இது 'பட்டியலில் இருக்கிறான்' என்று படும், எந்த முகவரியைக் கேட்டாலும். இப்போது இரண்டு நிலைமையை நினைத்துப் பாருங்கள். ரிசால்வர் கேஷ் மட்டும் இருந்தால், கோளாறைச் சரிசெய்த சில நிமிடத்தில் டிடிஎல் முடிந்து எல்லாம் பழைய நிலைக்கு வரும். நிரல் தன் டேட்டாபேஸில் 24 மணி நேரத்துக்கு 'தடு' என்று எழுதி வைத்திருந்தால், கோளாறு இருந்த நேரத்தில் வந்த அத்தனை வாசகர்களும் மறுநாள்வரை வெளியேதான். ரிசால்வரைச் சரிசெய்தாகிவிட்டது, இன்னும் ஏன் 'அனுமதி இல்லை' என்ற 403 வருகிறது என்று அட்மின் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

செத்துப்போன பட்டியல்களின் கதையும் இதே ரகம். ஓஆர்டிபி 2006 டிசம்பரில் மூடப்பட்டது. மூடிய பிறகும் உலகம் முழுக்க சர்வர்கள் கேட்டுக்கொண்டே இருந்தன. 2008 மார்ச்சில் எந்த முகவரியைக் கேட்டாலும் 'ஆம்' என்று அது பதில் தரத் தொடங்கியது. அப்படிச் செய்தால்தான் கவனிக்காதவர்கள் விழித்துக்கொண்டு அமைப்பிலிருந்து அதை நீக்குவார்கள் என்ற கணக்கு. ஏஎச்பிஎல் 2015-இல் அதையே செய்தது. சோர்ப்ஸ் 2024-இல் மூடப்பட்டது. பட்டியல்கள் சாகும் என்பதை முன்கூட்டியே எதிர்பார்த்து ஆர்எஃப்சி 5782 ஒரு சோதனை வைத்திருக்கிறது: 127.0.0.2 எப்போதும் பட்டியலில் இருக்க வேண்டும், 127.0.0.1 எப்போதும் இருக்கக் கூடாது. சில நிமிடத்துக்கு ஒருமுறை இந்த இரண்டையும் கேட்டுப் பார்த்து, விடை தவறாக வந்தால் அந்தப் பட்டியலையே ஒதுக்கிவைக்கிற ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதலாம். 'இந்தப் பட்டியல் உயிரோடு இருக்கிறதா' என்ற அந்த விடையை வெப் சர்வர் பக்கம் வைத்துக்கொள்வது நியாயம். அது முடிவு வகை, ரிசால்வருக்கு அதில் வேலையில்லை.

பட்டியலே பதில் தராமல் போனால் என்ன ஆகும்? கிளிப்சியின் கணக்குப்படி ஒரு நேம்சர்வருக்கு 5 விநாடி காத்திருப்பு, 2 முயற்சி. ஆக ஒரு கோரிக்கை 10 விநாடி தொங்கும். பிஎச்பி நிரலை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம்மில் இருபது ப்ராசஸ்தான் என்றால் இருபது வாசகர்களோடு தளம் உறைந்துவிடும். என்ஜின்எக்ஸ் வகை வெப் சர்வரில் இன்னும் மோசம்: ஒரு வொர்க்கருக்குள் நின்று காத்திருக்கிற தேடலைச் செய்தால் அந்த வொர்க்கர் கவனிக்கிற ஆயிரக்கணக்கான இணைப்பும் சேர்ந்து நிற்கும். அதனால்தான் என்ஜின்எக்ஸ் மீது கட்டிய ஓபன்ரெஸ்டியில் காத்திருக்காமல் தேடும் 'லுவா-ரெஸ்டி-டிஎன்எஸ்' நூலகத்தைப் பயன்படுத்துகிறார்கள். அது கேஷ் செய்யாது என்பதால் வொர்க்கர்கள் பகிரும் 'லுவா-ஷேர்டு-டிக்ட்'டை மேலே போடுகிறார்கள். தோல்வியையும் நினைவில் வைக்க வேண்டும் என்பது 2023 டிசம்பரில் வந்த ஆர்எஃப்சி 9520-இன் சாரம்: ரிசால்வர்கள் தேடல் தோல்வியைக் குறைந்தது 1 விநாடியாவது வைத்திருக்க வேண்டும், 5 நிமிடத்துக்கு மேல் வைக்கக் கூடாது. ஆனாலும் முதலில் கேட்கிறவர் அந்த 10 விநாடியைக் காத்திருக்கத்தானே வேண்டும்? எனவே தேடலுக்கு ஒரு விநாடிக்குக் குறைவான கெடு வைத்து, கெடு தாண்டினால் உள்ளே விடுவதுதான் வெப் தளத்துக்குப் பொருந்தும். தொடர்ந்து நாலைந்து தோல்வி வந்தால் ஒரு நிமிடத்துக்கு அந்தப் பட்டியலைக் கேட்பதையே நிறுத்திவிடலாம்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் நிறையப் பேரைக் கடித்தது. ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் 'சர்ச்' என்று ஒரு டொமைன் இருந்தால், கேட்ட பெயர் இல்லை என்று வந்ததும் கிளிப்சி அந்த டொமைனைப் பின்னால் ஒட்டி இன்னொரு முறை தேடும். தடைப்பட்டியலில் 'இல்லை'தான் சகஜமான பதில் என்பதால், ஒவ்வொரு நல்ல வாசகருக்கும் இரண்டு தேடல். குபெர்னெட்டிஸில் இப்படி மூன்று நான்கு சர்ச் டொமைன் இருக்கும். அதைவிட விபரீதம், அந்த டொமைனில் எல்லாப் பெயருக்கும் பதில் தரும் வைல்டுகார்டு பதிவு இருந்தால் நல்லவரெல்லாம் 'பட்டியலில்' வந்துவிடுவார்கள். பெயரின் கடைசியில் ஒரு புள்ளி வைத்தால் இது நடக்காது. கூடவே, வந்த பதில் 127-இல் தொடங்குகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

சரி, அப்புறம் முடிவுக் கேஷில் என்ன வைப்பது, எவ்வளவு நேரம்? இதில் பார்த்துத் தெரிந்துகொள்ள நல்ல எடுத்துக்காட்டு, வெப் தாக்குதல்களைத் தடுக்கும் மாட்செக்யூரிட்டியோடு பயன்படுத்தும் விதித்தொகுப்பான ஓவாஸ்ப் கோர் ரூல் செட்டின் 3-ஆம் வரிசை. ஒரு முகவரியை ஒருமுறை பட்டியலில் கேட்டதும், 'கேட்டாகிவிட்டது' என்று ஒரு கொடியை அந்த முகவரியின் பேரில் 86,400 விநாடிக்கு, அதாவது ஒரு முழு நாளுக்கு வைத்துவிடும். அதுவரை மறுபடி கேட்காது. தடுக்க வேண்டியவர் என்றால் தனியாக இன்னொரு கொடி, அதற்கு மாற்றாமல் விட்டால் 300 விநாடி. வேகம் என்ற அளவில் இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் காலையில் சுத்தமாக இருந்து மதியம் வைரஸ் பிடித்த கணினி, மறுநாள் காலைவரை சுத்தமானதாகவே கருதப்படும். ரிசால்வர் வைத்திருக்கும் புதிய பதிலைக் கேட்கவே ஆள் போகாது. போதாக்குறைக்கு மாட்செக்யூரிட்டி 2-இல் இந்தக் கொடிகள் டிஸ்கில் உள்ள எஸ்டிபிஎம் கோப்பில் உட்காரும். கூட்டம் வரும் தளங்களில் அந்தக் கோப்பு ஊதிப்போவதும் பூட்டுக்காக ப்ராசஸ்கள் வரிசையில் நிற்பதும் பழைய புலம்பல். டிஎன்எஸ் தேடலை மிச்சப்படுத்த வந்த கேஷ், ரிசால்வரைக் கேட்பதைவிட அதிக நேரம் தின்கிற நிலை.

என் கணக்கில் முடிவின் ஆயுள் ஒரு நிமிடத்திலிருந்து ஐந்து நிமிடம். ஒரு பக்கத்தின் ஐம்பது கோரிக்கையை ஒன்றாக்க அது தாராளம். அதற்கு மேல் தேவைப்படுவதை ரிசால்வர் பார்த்துக்கொள்ளும். 'தடு' என்ற முடிவை 'விடு' என்பதைவிடக் குறைவான நேரமே வைக்க வேண்டும் என்றும் சொல்வேன், பெரும்பாலும் ஆட்கள் தலைகீழாகச் செய்தாலும். நம் ஊரில் மொபைலில் வருகிறவர்களில் பலர் ஒரே ஐபிவி4 முகவரியை நூற்றுக்கணக்கில் பகிர்ந்துகொள்கிறார்கள். இப்படி ஒரு முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து தரும் தொலைபேசி நிறுவனத்தின் நேட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரே ஒரு வைரஸ் பிடித்த போனால் மொத்த முகவரியும் பட்டியலுக்குப் போகும். ஒரு ஸ்பாம் பின்னூட்டம் கூடுதலாக உள்ளே வந்தால் அழித்துவிடலாம். தவறாகத் தடுக்கப்பட்ட வாசகர் திரும்பி வர மாட்டார், வந்து சொல்லவும் மாட்டார்.

முடிவுக் கேஷுக்கே உரிய ஒரு வேலை இருக்கிறது, அதை ரிசால்வரால் செய்யவே முடியாது. ஐபிவி6-இல் ஒரு வீட்டு இணைப்புக்கே /64 என்ற அளவில் முகவரி கிடைக்கிறது. 2-இன் 64-ஆம் அடுக்கு. கோரிக்கைக்கு ஒரு முகவரி மாற்றினாலும் தீராது. ஒவ்வொன்றுக்கும் 32 எண்களைத் தலைகீழாக்கி ரிசால்வரிடம் கேட்டால் அதற்கு எல்லாமே புதுப் பெயர். ஒருவன் மெனக்கெட்டால் உங்கள் கேஷை வெற்று 'இல்லை' பதில்களால் நிரப்பி, பயனுள்ள பதில்களை வெளியே தள்ளிவிடலாம். மேலே பட்டியல்காரரிடம் உங்கள் இலவச அளவும் தீர்ந்துபோகும். ஸ்பாம்ஹாஸ் ஐபிவி6-ஐ /64 அளவில்தான் பட்டியலிடுகிறது. ஆக வெப் சர்வர் முகவரியின் பின்பாதியைச் சுழியமாக்கிவிட்டுக் கேட்டால், அந்த வீடு முழுக்க ஒரே கேள்வி, ஒரே கேஷ் பதிவு. முகவரியின் எந்தப் பகுதி வரை ஒரே ஆள் என்பது டிஎன்எஸ்ஸுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.

அதேபோல, யாருடைய முகவரி என்பதும். வாசகருக்கும் நம் சர்வருக்கும் நடுவே கிளவுட்ஃபிளேர் போன்ற இடைநிலைச் சேவை (சிடிஎன்) நின்றால், சர்வருக்குத் தெரிவது அவர்கள் முகவரி. அதைப் பட்டியலில் கேட்பதே வீண். அதன் பேரில் ஒரு முடிவைக் கேஷில் வைத்தால் ஒருவர் செய்ததற்கு எல்லோருக்கும் தண்டனை. அப்பாச்சியின் 'மாட்-ரிமோட்ஐபி' போன்றவற்றில் நம்பகமான ப்ராக்ஸிகளை மட்டும் குறிப்பிட்டு உண்மையான முகவரியை எடுத்த பிறகுதான் தேடலே தொடங்க வேண்டும். தடுப்புப் பக்கத்தை அனுப்பும்போது 'நோ-ஸ்டோர்' என்று தலைப்பில் சேர்ப்பதும் அவசியம். இல்லாவிட்டால் நாம் இதுவரை எண்ணாத மூன்றாவது கேஷ் ஒன்று, நடுவில் நிற்கும் ப்ராக்ஸியில், அந்த 403-ஐ அடுத்தவருக்கும் கொடுத்து வைக்கும்.

ஷேர்டு ஹோஸ்டிங்கில் வேர்ட்பிரஸ் நடத்துகிறவர்களுக்கு மேலே சொன்ன பாதி எட்டாது. சொந்த ரிசால்வர் வைக்க முடியாது. ஹோஸ்டிங் நிறுவனத்தின் ரிசால்வரை ஆயிரம் தளங்கள் பகிர்வதால் ஸ்பாம்ஹாஸ் அதை எப்போதோ நிராகரித்திருக்கக்கூடும். அங்கே எச்டிடிபி:பிஎல் போலக் கேள்வியின் பெயரிலேயே நம் சாவியைச் சேர்த்துக் கேட்கும் சேவைகள் கைகொடுக்கும். யார் கேட்கிறார் என்பதைச் சாவி சொல்லிவிடுகிறது, ரிசால்வர் யாருடையது என்ற கேள்வி எழுவதில்லை. முடிவை வைக்க வேர்ட்பிரஸின் 'டிரான்சியன்ட்' வசதியைப் பலர் பயன்படுத்துகிறார்கள். ரெடிஸ், மெம்கேஷ்ட் போன்ற நினைவகக் கேஷ் இல்லாத தளத்தில் ஒவ்வொரு டிரான்சியன்ட்டும் ஆப்ஷன்ஸ் டேபிளில் இரண்டு வரி: ஒன்று மதிப்பு, ஒன்று காலாவதி. பத்தாயிரம் முகவரியிலிருந்து ஒரு பாட்நெட் வந்து போனால் இருபதாயிரம் வரி. தளத்தின் பெயர், தீம் அமைப்பு எல்லாம் இருக்கிற அதே டேபிளில். பிஎச்பியின் நினைவகக் கேஷான ஏபிசியு இருந்தால் அதில் வைக்கலாம். பிஎச்பி-எஃப்பிஎம்மின் ப்ராசஸ்கள் அதைப் பகிர்ந்துகொள்ளும், சர்வீஸை மறுபடி தொடங்கினால் சுத்தமாகிவிடும். இந்த வேலைக்கு அழிந்துபோவதும் ஒரு நல்ல குணம்தான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மிச்சம் கேஷில் இல்லை. எதற்குத் தேடுகிறோம் என்பதில் இருக்கிறது. கட்டுரை படிக்க வருகிறவரின் முகவரியை எதற்குப் பட்டியலில் கேட்க வேண்டும்? பின்னூட்டம், லாகின், பதிவுப் படிவம் ஆகியவற்றுக்கு வரும் போஸ்ட் கோரிக்கையில் மட்டும் கேட்டால், ஒரு நாளைக்கு லட்சம் கோரிக்கை வரும் தளத்தில்கூடத் தேடல் சில நூறுக்குள் அடங்கும். வாசகர்களின் முகவரியை எல்லாம் மூன்றாவது ஆளிடம் ஒப்பிக்காமல் இருந்த மாதிரியும் ஆயிற்று. அந்த அளவுக்கு வந்துவிட்டால் முடிவுக் கேஷே தேவைப்படாது, அன்பௌண்ட் ஒன்று போதும்.

எதிர்ப்பக்கமாக, உண்மையிலேயே ஒவ்வொரு கோரிக்கைக்கும் பார்க்க வேண்டிய பெரிய தளம் என்றால் அவர்கள் கேஷ் எங்கே என்று யோசிப்பதில் பொருளில்லை. ஸ்பாம்ஹாஸின் இலவசப் பயன்பாட்டு வரம்பு நாளொன்றுக்கு 3 லட்சம் கேள்வி என்றே நெடுநாள் இருந்தது. அதைத் தாண்டுகிறவர்கள் கட்டணம் கட்டிப் பட்டியலையே ஆர்சிங்க் என்ற கோப்பு நகல் கருவியில் இறக்கி, மைக்கேல் டோக்கரேவ் எழுதிய ஆர்பிஎல்டிஎன்எஸ்டி என்ற சிறிய சர்வரில் ஏற்றிக்கொள்கிறார்கள். தடைப்பட்டியலை டிஎன்எஸ்ஸில் பரிமாறுவதற்கென்றே எழுதப்பட்டது அது. அன்பௌண்டில் அந்த ஒரு டொமைனை மட்டும் 127.0.0.1-இல் ஓடும் இந்தச் சர்வருக்குத் திருப்பிவிடுவார்கள். 'உள்ளூர் முகவரியைக் கேட்காதே' என்று அன்பௌண்டில் இருக்கும் தடையை இதற்காக அணைக்க வேண்டும். 'டூ-நாட்-கொரி-லோக்கல்ஹோஸ்ட்' என்பது அதன் பெயர். முதல் முறை இதை அமைக்கிறவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இந்த வரியில்தான்.